மூன்று நாள் நின்றால் செல்ஃப் எடுக்காத பழைய வண்டி: பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

காவேரிப்பட்டணத்துக்கு அருகிலிருந்து எழுதியிருக்கும் வாசகர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் கடிதம் நீளமானது என்று நீங்களே வருத்தம் தெரிவித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் வேண்டாத வரி ஒன்றும் தென்படவில்லை. மற்ற வாசகர்களுக்காக அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களுடையது 2009-ஆம் ஆண்டு பதிவான, செல்ஃப் ஸ்டார்ட்டும் கிக்கரும் உள்ள 150 சிசி வண்டி. பேட்டரி 12 வோல்ட், 9 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது அதன் கொள்ளளவு). காலையிலும் மாலையிலும் இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பால் சொசைட்டிக்குப் போய் வருவதே அதன் அன்றாட ஓட்டம். ஓசூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பஸ்ஸில் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினால், செல்ஃப் பட்டனை அழுத்தும்போது ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. கிக்கரை உதைத்தால் உடனே எடுத்துக்கொள்கிறது. 14 மாதங்களில் இது இரண்டாவது பேட்டரி. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் கூடவே மினுக்குகிறது. ஃபியூஸ் இரண்டு முறை போனதால் செம்புக் கம்பி இழையைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஹேண்டிலில் எல்ஈடி விளக்கு ஒன்றும் மொபைல் சார்ஜர் ஒன்றும் பொருத்தியிருக்கிறீர்கள். ஒரு மெக்கானிக், என்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயில் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் மொத்த ஒயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார். பேட்டரிக் கடைக்காரரோ பேட்டரியில் குறையே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவர்களில் யார் சொல்வதை நம்புவது, பேசாமல் வண்டியை விற்றுவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

பதிலுக்குப் போகும் முன் ஒரு வேலையை இன்றைக்கே செய்துவிடுங்கள். ஃபியூஸ் பெட்டியில் சுற்றியிருக்கும் கம்பி இழையை எடுத்துவிட்டு, பெட்டி மூடியில் என்ன அளவு அச்சிடப்பட்டிருக்கிறதோ அதே அளவில், அதாவது 10 ஆம்பியர் என்றால் 10, 15 என்றால் 15, புது ஃபியூஸ் ஒன்றை வாங்கிப் போடுங்கள். ஃபியூஸ் இரண்டு முறை போனது என்றால் எங்கோ ஒரு பாசிட்டிவ் ஒயர் பாடியில் தொட்டிருக்கிறது. அந்த இடத்தில் அடுத்த முறை தொடும்போது உருக வேண்டிய ஃபியூஸ் இல்லாததால் ஒயரே பழுக்கச் சூடேறும். அந்த ஒயர் போகும் வழி பெட்ரோல் டேங்குக்கு அடியில்தான் இருக்கிறது. புது ஃபியூஸும் போய்விட்டால் போகட்டும். அது பழுது இருக்குமிடத்தைத் தேடித் தரும் தடயம்.

இனி விஷயத்துக்கு வருவோம். மூவரும் மூன்று விதமாகச் சொன்னதற்கு யாரும் உங்களை ஏமாற்ற நினைத்தார்கள் என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. பேட்டரி இறங்கிப்போகிறது என்ற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: பேட்டரி ஏற்றிய சார்ஜைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறதா, ஓடும்போது வண்டி அதற்குப் போதுமான சார்ஜ் கொடுக்கிறதா, நிற்கும்போது ஏதாவது ஒன்று அதிலிருந்து கரண்டைக் குடிக்கிறதா. இவற்றில் கடைசிக் கேள்விக்கு விடை காண வண்டியைச் சும்மா நிறுத்திவைக்க வேண்டும். காலையில் வந்த வண்டியை மாலைக்குள் கொடுத்து அனுப்ப வேண்டிய ஒர்க்‌ஷாப்பில் அதற்கு நேரம் கிடையாது. அதனால்தான் அனுபவத்தை வைத்து ஊகித்து ஒரு பாகத்தைக் கை காட்டுகிறார்கள். உங்களிடமோ நேரம் இருக்கிறது, வண்டியும் வீட்டிலேயே நிற்கிறது. எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றையும் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்றையும் வைத்துக்கொண்டு பெரும்பாலானவற்றை நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் பேட்டரி. அதைக் கழற்றும்போது நெகட்டிவ் ஒயரை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது கடைசியாக மாட்ட வேண்டும். முறை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். கழற்றியதை ஒரு பேட்டரிக் கடையில் கொடுத்து, 0.9 ஆம்பியர் அளவில், அதாவது அதன் ஏஎச் அளவில் பத்தில் ஒரு பங்கில், இரவு முழுக்க நிதானமாக ஏற்றச் சொல்லுங்கள். கார் பேட்டரிகளோடு சேர்த்து இரண்டு மணி நேரத்தில் ‘பூஸ்ட்’ கொடுத்து வாங்கினால் வோல்ட் அளவு அழகாகத் தெரியும், உள்ளே பாதிதான் ஏறியிருக்கும், பிளேட்டும் கெட்டுப்போகும். உங்கள் கடைக்காரர் குறையில்லை என்று சொன்னதும் அநேகமாக இப்படிச் சூடாக ஏற்றி எடுத்த கையோடு பார்த்ததாகத்தான் இருக்கும். சார்ஜரிலிருந்து எடுத்த பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா வைத்த பிறகு அளந்தால்தான் உண்மையான நிலை தெரியும். நல்ல பேட்டரி அப்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.4 என்றால் முக்கால் அளவு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் அளவுதான் இருக்கிறது என்று கொள்ளலாம். 10.5 வோல்ட்டை ஒட்டியே நின்றுகொண்டிருந்தால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அந்தப் பேட்டரியைத் தேற்ற வழியில்லை.

அளவைக் குறித்துக்கொண்டு, பேட்டரியை வண்டியில் மாட்டாமல், வீட்டுக்குள் மரப்பலகை மேல் மூன்று நாள் வையுங்கள். உங்கள் புகாரே மூன்று நாள் பற்றியது என்பதால் அதே மூன்று நாளைச் சோதனைக்கும் எடுத்துக்கொள்கிறோம். நான்காம் நாள் காலையில் 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் பேட்டரி சார்ஜைப் பிடித்து நிற்கிறது என்று பொருள். வண்டியிலிருந்து எதுவும் இழுக்காதபோதும் 12.1, 12.0 என்று இறங்கியிருந்தால் கோளாறு பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. முதல் சோதனையில் தேறிய பேட்டரியை மறுபடி முழுதாக ஏற்றி வண்டியில் மாட்டி, சாவியைத் தொடாமல் இன்னொரு மூன்று நாள் நிறுத்தி அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரிந்தால் வண்டிதான் குடிக்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஒரு வாரம் சைக்கிளிலோ பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலோ பால் கொண்டுபோக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். ஆரம்பத்தில் நன்றாக இருந்த பேட்டரியும் பலமுறை அடிமட்டம் வரை இறங்கி, அப்படியே நாள் கணக்கில் கிடந்தால், பிளேட்டின் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து கொள்ளளவு குறைந்துவிடும். ஆகவே உங்கள் இரண்டாவது பேட்டரி இன்றைய சோதனையில் தோற்றாலும், அதைக் கெடுத்தது வண்டியாக இருக்கக்கூடும். மூன்றாவது பேட்டரி வாங்கும் முன் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தாக வேண்டும் என்பது இதனால்தான். வாங்கும்போதும், ஆசிட் ஊற்றிய உடனே வண்டியில் மாட்டிக்கொடுக்கும் கடையாக இல்லாமல், முதல் சார்ஜை முறையாக ஏற்றித் தரும் கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால், பக்கத்திலுள்ள மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் அளவு நிற்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும், ஆசிட் ஊற்றக் கூடாது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் என்னவெல்லாம் கரைந்திருக்கிறது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகவே தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட வேண்டியிருந்த மண் இது. அந்தக் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது என்பதற்காக அதையோ, கேன் தண்ணீரையோ பேட்டரியில் ஊற்றலாம் என்று ஆகிவிடாது. அவற்றிலுள்ள உப்புகள் செல்லுக்குள் தங்கிவிடும். மூடியே இல்லாத சீல் செய்த வகை என்றால் அதைத் திறக்க முயலவே வேண்டாம்.

அடுத்து, சார்ஜ் ஏறுகிறதா என்ற கேள்வி. ஹெட்லைட் பளிச்சென்று எரிவதால் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்; இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2017 ஏப்ரல் முதல் விற்பனையாகும் இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்கான கரண்ட் பேட்டரியைத் தொடாமல் ஸ்டேட்டரின், அதாவது மெக்கானிக் காயில் என்று சொன்ன பாகத்தின், தனிச் சுற்றிலிருந்து நேராகப் போகிறது. உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய, என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு ஹெட்லைட் ஸ்விட்சைத் தட்டுங்கள். எரியவில்லை என்றால் அது ஸ்டேட்டரிலிருந்து நேராக எரியும் வகை. அதன் வெளிச்சத்துக்கும் பேட்டரி சார்ஜுக்கும் தொடர்பில்லை. கிக்கரில் உடனே எடுப்பதையும் இதே போலத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அக்கால வண்டிகள் பலவற்றில் பிளக்கில் தீப்பொறி கொடுக்கும் சுற்றும் தனியானது.

அளப்பது எளிது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, இரண்டு முனைகளையும் பேட்டரி டெர்மினல்களில் வைத்துக்கொண்டு என்ஜினை ஓட விடுங்கள். ஐடிலில் 13 வோல்ட்டை ஒட்டி இருந்து, ஆக்ஸிலேட்டரைத் திருகி 4000, 5000 ஆர்பிஎம் வரை ஏற்றும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை உயர்ந்து அங்கேயே நின்றுகொண்டால் ஸ்டேட்டரும், அதன் ஏசியை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் யூனிட்டும் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) தங்கள் வேலையைச் செய்கின்றன. எவ்வளவு திருகினாலும் 12.7-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் ஆர்ஆர் யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது; அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆகும். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிக் காட்டும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதை யாரும் உங்கள் வண்டியில் செய்ய விடாதீர்கள். பேட்டரி இல்லாத நேரத்தில் எகிறும் வோல்ட், நன்றாக இருக்கும் ஆர்ஆர் யூனிட்டையும், பிளக்கின் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐயையும் அந்த நொடியிலேயே எரித்துவிடக்கூடும்.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்தாலும் உடனே காயிலைக் கழற்றக் கிளம்ப வேண்டியதில்லை. என்ஜினிலிருந்து வரும் ஒயர்கள் ஆர்ஆர் யூனிட்டோடு சேரும் கப்ளரை, அதாவது ஒயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பை, முதலில் பிரித்துப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் தேன் நிறத்துக்கு மாறி, ஒரு பின் மட்டும் கறுத்து, அதைச் சுற்றி உருகிய அடையாளம் இருந்தால் பழுது அங்கேயே முடிந்துவிடும். கப்ளர் நன்றாக இருந்தால் காயிலை அளக்கலாம். ஒரே நிறத்தில் மூன்று ஒயர்கள் வரும் வகையில், எந்த இரண்டை எடுத்து அளந்தாலும் ஓம்ஸ் ஏறத்தாழ ஒன்றாக, மிகக் குறைவாக இருக்க வேண்டும். எந்த ஒயருக்கும் என்ஜின் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது மூன்று ஜோடிகளிலும் ஏசி வோல்ட் சமமாக ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒற்றை ஒயரில் சார்ஜ் வரும் பழைய வகையில் நிலைமை வேறு. அதில் சுற்றின் ஒரு முனையைத் தயாரிக்கும்போதே பாடியில் எர்த் செய்துவிடுகிறார்கள். அங்கே மீட்டரை வைத்து, பாடியில் கரண்ட் பாய்கிறது, காயில் போய்விட்டது என்று சொன்னால் நல்ல காயிலும் குப்பைக்குப் போய்விடும். உங்களிடம் காயில் போய்விட்டது என்று சொன்னவரிடம், எத்தனை ஓம்ஸ் காட்டியது, எந்த ஒயரில் வைத்துப் பார்த்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அளந்தவர் சொல்லிவிடுவார்.

சார்ஜ் சரியாக ஏறும் வண்டியிலும் உங்கள் ஓட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் சுழலும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் பல பத்து ஆம்பியர் இழுக்கிறது. பின்பு ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக, நான்காவது கியரில் மெதுவாக, விடியற்காலையில் எல்ஈடி விளக்கையும் போட்டுக்கொண்டு போகிறீர்கள். அந்த நேரத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதே பெரிய காரியம். பேட்டரியை நிறைப்பது நடக்காது. இப்படி மாதக்கணக்கில் ஓடும் வண்டியில் பேட்டரி பாதி அளவிலேயே நின்றுகொண்டிருக்கும். காலையில் முதல் தடவை கிக்கரில் எடுப்பதும், வாரத்தில் ஒரு நாளாவது கிருஷ்ணகிரி வரைக்குமோ கே.ஆர்.பி. அணை வரைக்குமோ நிற்காமல் போய் வருவதும் உங்கள் வண்டிக்கு மருந்து மாதிரி.

மூன்றாவது கேள்விதான் உங்கள் விஷயத்தில் முக்கியமானது என்று நினைக்கிறேன். மொபைல் சார்ஜரை, சாவி இல்லாமலும் வேலை செய்யட்டும் என்று பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு வண்டியின் ஹேண்டில் பக்கம் பாருங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கும்போதே சார்ஜருக்குள் சின்னதாக ஒரு நீல வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும். போன் எதுவும் செருகாத நிலையிலேயே இத்தகைய மலிவு விலைச் சார்ஜர்கள் 10 முதல் 30 மில்லி ஆம்பியர் வரை இழுப்பதை அளந்திருக்கிறேன். 30 மில்லி ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 0.72 ஏஎச், மூன்று நாளில் 2.16 ஏஎச். முழுதாக ஏறிய 9 ஏஎச் பேட்டரி அதைத் தாங்கிவிடும். ஆனால் குறுகிய ஓட்டத்தால் 4.5 ஏஎச் அளவிலேயே நிற்கும் உங்கள் பேட்டரியில் அது போக மிஞ்சுவது கால் பங்குதான். பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்சான ரிலே இழுத்து ஒட்டும், ஒட்டியதும் மோட்டார் பாரத்தில் வோல்ட் சரியும், சரிந்ததும் ரிலே விடும், விட்டதும் வோல்ட் ஏறும், மறுபடி ஒட்டும். நீங்கள் கேட்கும் ‘டக் டக்’ அதுதான்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க, சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலுக்கும் இடையே மீட்டரைக் கோத்து அளக்க வேண்டும். முதலில் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருகிப் பாருங்கள். அளவு மிகக் குறைவு என்று உறுதியான பிறகே மில்லி ஆம்பியருக்கு மாற்றுங்கள். மீட்டர் கோத்திருக்கும்போது சாவியையோ செல்ஃப் பட்டனையோ யாரும் தொடக் கூடாது. தொட்டால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும், விலை குறைந்த மீட்டர்களின் 10 ஆம்பியர் துளைக்கு அந்த ஃபியூஸ் பாதுகாப்பும் கிடையாது. கடிகாரம் இல்லாத மீட்டர் போர்டு கொண்ட வண்டியில் 1 மில்லி ஆம்பியருக்குக் கீழேயும், டிஜிட்டல் கடிகாரம் இருந்தால் சில மில்லி ஆம்பியருக்குள்ளும் இருப்பது இயல்பு. அதைத் தாண்டி 20, 40 என்று காட்டினால், மீட்டரில் ஒரு கண் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து வாருங்கள்: முதலில் சார்ஜர், பிறகு எல்ஈடி விளக்கின் இணைப்பு, பிறகு ஆர்ஆர் யூனிட்டின் கப்ளர், பிறகு சாவி ஸ்விட்சின் கப்ளர். எதைப் பிரித்ததும் எண் சட்டென்று விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ஆர்ஆர் யூனிட்டுக்குள் ஒரு டயோடு லேசாகக் கெட்டுப்போனால், ஓடும்போது சார்ஜ் ஏறுவது போலவே இருக்கும், நிற்கும்போது கரண்ட் பின்னோக்கி ஒழுகும்; அதை இந்தச் சோதனை மட்டுமே காட்டிக்கொடுக்கும். வண்டியை அடிக்கடி பைப் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுபவர்களுக்குச் சாவி ஸ்விட்சுக்குள் ஈரம் தங்கி ஒழுகுவதும் உண்டு.

சார்ஜர்தான் என்று தெரிந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரிலிருந்து, தனியாக ஒரு சிறிய ஃபியூஸ் வைத்து இணைத்துக்கொண்டால் போதும். எல்ஈடி விளக்குக்கும் இதேதான், அதோடு ஒரு ரிலேயும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

பின்விளக்கு மினுக்குவது வேறு ஒரு கதை. உங்கள் கடிதத்தின் கடைசியில், முந்தின வருட ஆயுத பூஜைக்குச் சேஸிஸுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என் கண்ணுக்கு முதலில் பட்டது அந்த வரிதான். பேட்டரியின் நெகட்டிவ்வும், ஒயரிங்கின் எர்த் ஒயரும், பல வண்டிகளில் ஆர்ஆர் யூனிட்டின் உடலும் பாடியின் இரும்பைத் தொட்டுத்தான் தங்கள் சுற்றை முடிக்கின்றன. பெயிண்ட் அடிப்பவர் அந்த போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்து அழகாக அடித்துவிடுவார். அதன் மேல் ஒயரை வைத்து முடுக்கினால் போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் கரண்ட் போகும். இண்டிகேட்டரின் கரண்டுக்கு நேர்வழி அடைபட்டால், பக்கத்திலிருக்கும் பின்விளக்கின் பல்பு வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கும். அது மினுக்குவதாக நம் கண்ணுக்குத் தெரியும். எர்த் கெட்ட வண்டியில் செல்ஃபும் தடுமாறும், ஆர்ஆர் யூனிட்டும் வோல்ட்டைத் தப்பாக உணர்ந்து குறைவாகவோ அதிகமாகவோ சார்ஜ் கொடுக்கும். அதாவது ஒரே ஒரு போல்ட்டின் அடியிலுள்ள பெயிண்ட், மூன்று பாகங்கள் கெட்டுப்போனது போலக் காட்டிவிட முடியும்.

மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் இன்னொன்றை என்ஜினின் பெயிண்ட் இல்லாத போல்ட் தலையிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை இரும்பு வெளுக்கும் வரை எமரித் தாளால் தேய்த்து, ஒயர் முனையிலுள்ள உலோக வளையமான லக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதையும் சுரண்டி, இறுக்கி முடுக்கிய பிறகு மேலே வேசலின் தடவுங்கள். எர்த் ஒயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் பச்சை, சிலவற்றில் கறுப்பில் மஞ்சள் கோடு. பின்விளக்கு ஹோல்டரிலிருந்து வரும் எர்த் ஒயரையும் விட்டுவிடாதீர்கள், மட்கார்டுக்கு அடியில் சேறு பட்டுப் பட்டு அதன் லக் ஒடிந்திருப்பது வழக்கம்.

ஃபியூஸ் போகும் காரணத்தைத் தேட ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஃபியூஸ் இருக்கும் இடத்தில், ஃபியூஸுக்குப் பதிலாக, ஒயர் சேர்த்த 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை இணைத்துவிடுங்கள். சாவியைப் போட்டு, விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டால் பல்பு எரியாமலோ மங்கலாகவோ இருக்கும். எங்காவது ஒயர் பாடியைத் தொட்ட கணத்தில் பளிச்சென்று எரியும். இப்போது ஹேண்டிலை இடக்கடைசிக்கும் வலக்கடைசிக்கும் மெதுவாகத் திருப்புங்கள், ஹெட்லைட்டுக்குப் பின்னாலுள்ள ஒயர்க் கட்டை அசைத்துப் பாருங்கள். நீங்கள் எல்ஈடி விளக்குக்கு ஒயர் இழுத்த வழி அதுதான் என்பதால், ஹேண்டில் கழுத்தில் உரசி உரசி மேல்தோல் போய்ச் செம்பு மினுங்கும் ஓர் இடம் அங்கே இருக்கும் என்பது என் கணிப்பு. அங்கே இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் பாருங்கள். கேழ்வரகு மூட்டையும் நிலக்கடலை மூட்டையும் அடுக்கிய தாழ்வாரத்தில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்திருக்கவும் வாய்ப்புண்டு. சேதமான இடத்தில் ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது, நம் சித்திரை வெயிலில் பசை உருகி வழிந்து ஒரே கோடையில் பிரிந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

மொத்த ஒயரிங்கையும் மாற்றச் சொன்னவரின் யோசனையை நான் இப்போதைக்கு ஏற்கவில்லை. ஒயரை வளைத்தால் மேல்தோல் பட்டையாக உடைந்து உதிர்கிறது, அல்லது ஒரு முறை எரிந்து கட்டுக்குள்ளேயே ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்றால் மாற்றத்தான் வேண்டும். வெளியில் விற்கும் மலிவான ஒயரிங் செட்டுகள் சிலவற்றில் செம்பு மெலிந்தும் கப்ளர்கள் லூசாகவும் இருப்பதால், இருக்கும் சின்னப் பழுதுக்குப் பதிலாகப் பல புதுப் பழுதுகளை விலை கொடுத்து வாங்கியதாகிவிடும்.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 15 ஆண்டு முடிந்து 2024-இல் ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டதால் 2029 வரை வண்டியை ஓட்ட உங்களுக்குத் தடையில்லை; என்ஜின் புகையில்லாமல், சத்தமில்லாமல் ஓடுகிறது என்றும் சொல்கிறீர்கள். செல்ஃப் எடுக்காத வண்டிக்குச் சந்தையில் கேட்கும் விலையையும், எர்த் போல்ட்டைத் தேய்த்து, சார்ஜர் ஒயரை மாற்றி, தேவைப்பட்டால் ஒரு புதுப் பேட்டரியும் போடுவதற்கு ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள். நான் சொன்ன வரிசையில் எல்லாவற்றையும் அளந்த பிறகும் 5000 ஆர்பிஎம்மில் 12.7-ஐத் தாண்டாமல், கப்ளரும் எர்த்தும் நன்றாக இருந்து, காயிலின் மூன்று ஜோடிகளும் சமமாக இல்லாமல் போனால், முதலில் உங்களிடம் காயிலைச் சொன்ன அந்த மெக்கானிக்கிடமே போய் ஸ்டேட்டரை மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது ஆர்ஆர் யூனிட்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் உள்ளே ஷார்ட் ஆன பழைய யூனிட் புதுக் காயிலையும் சில மாதங்களில் கருக்கிவிடும்.